செத்த மீனை அள்ளக் கூப்பிட்டார்கள்

1998 ஐப்பசி. முதல் மழை கொட்டி மூன்றாம் நாள் விடியக்காலம். தாயில்பட்டிக் காலனியில் எங்க வீட்டு வாசலில் ஊர்க்காரர் ஒருத்தர் சைக்கிளை விட்டு இறங்காமலே நின்னு, "ஏலே, ஆத்துக் கசத்துல மீனு செத்து மெதக்குது. நாலு பேரக் கூட்டிட்டு வந்து அள்ளிப் பொதைங்கலே, நாத்தம் தாங்கல" என்றார். எங்க அய்யாவுக்கு அப்போது அம்பது தாண்டிவிட்டது. கூப்பிட்டவருக்கு முப்பது இருந்தால் அதிகம். அந்த 'லே'யைப் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மீன் உயிரோடு இருந்தவரை அந்தக் கசத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். கண்மாயாக இருந்தால் மீன்பாசி ஏலம் என்று ஒரு தாளாவது இருக்கும். ஆத்துக் கசத்துக்குத் தாள் கிடையாது, வாய்ச்சொல்தான். அந்த வாய்ச்சொல்லுக்குப் பயந்துதான் எங்க சனம் அங்கே பகலில் தூண்டில் போடாது. மீன் செத்த அன்றைக்கு அந்தச் சொந்தம் எங்கே போனதோ தெரியவில்லை. செத்த மாடு நம்ம பாடு என்பது மாதிரி செத்த மீனும் நம்ம பாடாகிப்போனது.

அய்யா, சின்னய்யா, நான், பக்கத்து வீட்டு மச்சான் நாலு பேரும் கடவாப்பெட்டியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனோம். கெண்டை, கெளுத்தி, உளுவை, கரையோரம் மணலோடு மணலாக அயிரை, எல்லாம் வயிற்றைக் காட்டிக் கிடந்தன. அய்யா அள்ளவில்லை. கொஞ்ச நேரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கொறவ சாகல பாத்தியா? தேளியும் சாகல. மேல வந்து வந்து வாயத் தொறந்துட்டுப் போகுது. வெசம்னா அதுவும்ல செத்துருக்கும்? இது மூச்சு முட்டிச் செத்தது."

பத்து, பதினொரு மணிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு வெள்ளைக் கேனில் தண்ணி மோந்து மூடி, ஜீப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். அய்யா கிட்டப் போய், "அய்யா, கொறவ மீனு..." என்று ஆரம்பித்தார். "தள்ளி நில்லுப்பா" என்றார்கள். சில வாரம் கழித்து ஊரில் பேசிக்கொண்ட முடிவு இது: தண்ணியில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது, தண்ணியில் குற்றமில்லை, யாரோ மீன் பிடிக்க மருந்து கலக்கியிருக்கலாம். 'யாரோ' என்றால் யாரென்று ஊருக்குத் தெரியாதா? ஒரு மாசம் எங்க தெருப் பையன்கள் ஆத்துப் பக்கம் போக முடியவில்லை.

அய்யா சொன்னது சரியா, கேன் சொன்னது சரியா என்கிற கேள்வியைப் பல வருசம் சுமந்துகொண்டு திரிந்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் போனதில் கிடைத்தது. ஆத்துத் தண்ணியில் மீன் வாழுமா என்று அளக்கிற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை எழுதியவர்கள் நம்மைக் குற்றவாளியாக எழுதியிருக்கிறார்கள், அல்லது எழுதாமலே விட்டிருக்கிறார்கள்.

முதலில் கேன் விசயத்தை முடித்துவிடுகிறேன். தண்ணிக்குள் வெயில் படுகிறபோது பாசி ஆக்சிஜனை விடும். ராத்திரியில் அதே பாசியும் மீனும் புழுவும் அழுகலும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். அதனால் பாசி பிடித்த தண்ணியில் ஆக்சிஜன் ரொம்பக் குறைகிற நேரம் விடிவதற்குச் சற்று முன்னால். முதல் மழை ஊர்ச் சாக்கடையையும் குப்பையையும் அடித்துக்கொண்டு வந்து கசத்தில் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். மீன் நாலு மணிக்குச் சாகும். ஆபீசர் பதினொரு மணிக்கு வருவார். அதற்குள் வெயில் ஏறிப் பாசி தன் வேலையைப் பார்த்திருக்கும். அதோடு, ஆக்சிஜன் அளக்க எடுத்த தண்ணியை வாய் வரைக்கும் நிரப்பி, காற்றுக்குமிழ் இல்லாமல், அந்த இடத்திலேயே மருந்து விட்டு நிலைநிறுத்த வேண்டும். 1888இல் ஹங்கேரிக்காரர் விங்க்லர் சொல்லிக்கொடுத்த முறை இது. அரைக்கேன் தண்ணியை ஜீப்பில் குலுக்கிக்கொண்டு போனால் வழியெல்லாம் அது காற்றைக் குடித்துக்கொண்டுதான் போகும்.

குரவைக்கும் தேளிக்கும் தண்ணிக்கு மேலே வந்து காற்றையே இழுக்கிற உறுப்பு உண்டு. கெண்டைக்கு இல்லை. விசம் என்றால் பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அடிக்கும். காற்றை இழுக்கத் தெரிந்தது பிழைத்து, தெரியாதது செத்தால் ஆக்சிஜன் போச்சு என்று அர்த்தம். மீன் சாவை விசாரிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய தடயங்களில் இது ஒன்று. அய்யா மூணாம் வகுப்பு.

எங்க அம்மாச்சிக்கு அந்த மூணாம் வகுப்பும் இல்லை. ஊமச்சியும் நண்டும் அயிரையும் பொறுக்கி எங்க அம்மா கூட்டத்தை வளர்த்தவள். ஊர்க் கிணற்றில் வாளி போட முடியாத காலத்தில் ஆத்து மணலில் ஊத்துத் தோண்டித்தான் குடிதண்ணி. எந்த இடத்தில் தோண்டலாம் என்பதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. அயிரை மணலில் ஒளிந்து விளையாடினால் பக்கத்தில் ஊத்துத் தோண்டிக் குடிக்கலாம். அயிரை போய்க் கெளுத்தியும் ஊமச்சியும் மட்டும் இருந்தால் துணி அலசலாம். குரவை மட்டும் என்றால் மாடு கழுவலாம். சகதியைக் கிண்டினால் சிவப்புப் புழு நெளிகிறது, வேறொன்றும் இல்லை என்றால் காலையே வைக்காதே.

இதை நான் ஒரு கல்லூரி ஆசிரியரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கோல்க்விட்ஸ், மார்சன் என்று இரண்டு ஜெர்மன்காரர்கள் 1908, 1909இல் எழுதியது கிட்டத்தட்ட இதுதான் என்றார். ஆத்தில் கழிவு எவ்வளவு என்பதை அங்கே பிழைத்திருக்கிற உயிர்களை வைத்தே படிப்படியாகத் தரம் பிரித்தார்கள். அடிமட்டத்தில் சகதிப் புழுக்கள். ஆக்சிஜன் அற்றுப்போன சேற்றிலும் பிழைக்க அந்தச் சிவப்புப் புழுவுக்கு நம்ம ரத்தத்தில் இருக்கிற மாதிரியே ஹீமோகுளோபின் இருக்கிறது, சிவப்பு அதனால்தான். பெர்லின்காரர்கள் எழுதியதற்குப் பெயர் விஞ்ஞானம். அம்மாச்சி சொன்னதற்குப் பெயர் 'கெழவி பேச்சு'. ஒன்று அச்சேறியது, மற்றொன்று 2003இல் அவளோடு மண்ணுக்குள் போனது.

இனி சட்டத்துக்கு வருவோம்.

மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஃபிரான்சிஸ் டே, இந்தியாவின் நன்னீர் மீன்களையும் மீன்பிடியையும் பற்றி 1873இல் ஓர் அறிக்கை கொடுத்தார். மீன்களைப் பற்றி இன்றைக்கும் புரட்டுகிற பெரிய புத்தகம் எழுதியவர், அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஆத்தில் மீன் குறைவதற்கு அவர் கைநீட்டிய பக்கம் எது? பொடிக்கண்ணி வலை, வாய்க்காலில் வைக்கிற கூடு, ஏழைபாழைகள் குஞ்சையும் விடாமல் அரிக்கிறது. இந்த யோசனையெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் 1897ஆம் வருசத்து இந்திய மீன்வளச் சட்டம். இந்த நாட்டில் நீர்வாழ் உயிரைக் காப்பாற்ற வந்த பழைய சட்டங்களில் முக்கியமானது.

அதன் நாலாம் பிரிவு வெடி போட்டு மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. அஞ்சாம் பிரிவு விசம், சுண்ணாம்பு, கெடுதலான பொருள் எதையும் தண்ணியில் போடுவதைத் தடுக்கிறது. தண்டனை இரண்டு மாசம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம். நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பிரிவுகளுக்குள் ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது: 'மீனைப் பிடிக்கிற அல்லது அழிக்கிற நோக்கத்தோடு' போட்டால்தான் குற்றம். கள்ளிப்பாலைக் கலக்கி நாலு கெண்டை பிடித்துக் குழம்பு வைத்தவன் குற்றவாளி. அவனுக்கு நோக்கம் இருந்தது. ஆயிரம் கெண்டை சாகும்படி கழிவைத் திறந்துவிட்டவனுக்கு மீன் மேல் எந்த நோக்கமும் இல்லை, மீனைப் பற்றி அவன் நினைத்தே பார்த்ததில்லை. ஆகவே அவன் குற்றவாளி இல்லை. பசி நோக்கம் உடையது, லாபம் நோக்கம் இல்லாதது! 1998இல் எங்க தெருப் பையன்கள் மேல் சந்தேகம் விழுந்தபோது பேசியது நூத்தியொரு வருசத்துக்கு முந்திய அந்தச் சொல்தான் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

வெள்ளைக்காரன் தன் ஆத்துக்கு என்ன செய்தான் என்பதையும் பார்க்க வேண்டும். கழிவுநீருக்காக அங்கே 1898இல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். அதன் எட்டாம் அறிக்கை 1912இல் வந்தது. கழிவுநீரில் இருக்கிற அழுகல் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும் என்று அளக்கிற பி.ஓ.டி. கணக்கு அதில்தான் நிலைபெற்றது. ஒரு லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, மிதக்கிற திடப்பொருள் 30க்கு மேல் கூடாது. தண்ணியை அஞ்சு நாள் வைத்து அளக்க வேண்டும். ஏன் அஞ்சு? இங்கிலாந்து ஆறுகள் அஞ்சு நாளுக்குள் கடலில் போய் விழுந்துவிடும் என்பதுதான் சொல்லப்படுகிற காரணம். வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட், அவர்கள் ஊர்க் கோடை. அந்த 20க்கு அடியில் இன்னொரு கணக்கும் உண்டு. கழிவைப் போல எட்டு மடங்காவது நல்ல தண்ணி ஆத்தில் ஓடவேண்டும்.

வைப்பாற்றுக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் பிறந்து, வெம்பக்கோட்டை அணையில் தேங்கி, சாத்தூர் தாண்டி, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு மன்னார் வளைகுடாவுக்குப் போகிற ஆறு இது. போகிற வருசம் போகும், போகாத வருசம் மணல்தான். பங்குனி சித்திரையில் எட்டு மடங்கு எங்கே இருக்கு? சாக்கடையே ஆறாக ஓடுகிற இடமும் உண்டு. இந்திய முறையில் பின்னால் பி.ஓ.டி.யை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளக்கலாம் என்று மாற்றினார்கள். நம்ம சூட்டில் அழுகல் சீக்கிரம் நடக்கும் என்பதை அந்த அளவுக்காவது ஒத்துக்கொண்டார்கள். சூடு ஏற ஏறத் தண்ணி தாங்குகிற ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் தாங்குகிற தண்ணி 35 டிகிரியில் சுமார் 7தான் தாங்கும். நம்ம மீன் தொடங்கும்போதே கையில் குறைந்த காசோடுதான் சந்தைக்குப் போகிறது.

தண்ணித் தரம் என்ற பேச்சு வந்தபிறகு மகாடைத் தொடாமல் போக முடியாது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணி குடித்தார், ஆயிரக்கணக்கான சனம் குடித்தது. பிறகு சாதி இந்துக்கள் 108 பானைத் தண்ணியை மோந்து ஊற்றிவிட்டு, சாணம், மாட்டு மூத்திரம், பால், தயிர் கலந்து குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். விளைவை பி.ஓ.டி. கணக்கில் சொன்னால், தலித்துகள் குடித்ததால் குளத்துக்கு ஒரு கேடும் இல்லை. சுத்தம் செய்ததால்தான் ஆக்சிஜன் குறைந்திருக்கும்.

1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. அதில் மாசு என்பதற்கான விளக்கத்திலேயே நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு என்பதும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் வாரியம் அமைந்தது 1982இல். ஆனால் இங்கேயும் ஒரு சொல் வருகிறது. 'தெரிந்தே' விட்டால்தான் குற்றம், அதுவும் வாரியம் வகுத்த தர அளவுப்படி கேடு என்று தீர்மானிக்கப்பட்ட பொருளாக இருக்க வேண்டும். 1897இல் நோக்கம், 1974இல் தெரிவு. அளவுப் பட்டியலில் பெயர் இல்லாத பொருளுக்கு இந்தச் சட்டம் என்ன செய்யும்?

அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். மத்திய வாரியம் ஆத்துத் தண்ணியை ஏ, பி, சி, டி, ஈ என்று அஞ்சாகப் பிரித்தது. ஏ, கிருமி நீக்கினால் போதும், குடிக்கலாம். பி, குளிக்கலாம். சி, முறையாகச் சுத்திகரித்துக் குடிக்கலாம். டி, மீனும் வன உயிரும் வாழலாம். ஈ, பாசனத்துக்கும் ஆலைக்கும். அஞ்சு படி. அடிப்படியை எண்ணிப் பழகிய நமக்கு இந்த ஏணியைப் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வரும், அதை விடுங்கள். நான் கேட்பது மீனுக்கு விதித்த நிபந்தனைகளைப் பற்றி. டி வகுப்புக்கு மூன்றே மூன்று எண்கள். அமில காரத் தன்மை 6.5 முதல் 8.5. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல். கட்டற்ற அமோனியா 1.2க்கு மேற்படாமல். அவ்வளவுதான். எத்தனை மணிக்கு அளந்த 4 என்று அந்த வகுப்பு சொல்வதில்லை. 1976இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மீனுக்குச் சொன்ன கட்டற்ற அமோனியா அளவு 0.02. அவர்கள் மீனுக்கும் நம்ம மீனுக்கும் அறுபது மடங்கு வித்தியாசம்!

பட்டாசு ஆபீசுகளும் தீப்பெட்டி ஆபீசுகளும் நிறைந்த எங்கள் பகுதிக்கு இந்த மூன்று எண்ணும் எதைச் சொல்லும்? மருந்து அறையிலிருந்து வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிப் பவுடர் அப்பிய கையும் முகமுமாக, பொம்மை மாதிரி வருவார்கள். அந்தக் கையைக் கழுவுகிற தண்ணி, தரையைக் கழுவுகிற தண்ணி, பாழான மருந்தின் மேல் பெய்கிற மழை எல்லாம் ஓடைக்குத்தான். ஓடை ஆத்துக்கு.

2013இல் ஜப்பானிய, தமிழக ஆய்வாளர்கள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிவகாசி, மதுரைப் பகுதிகளில் நிலத்தடி நீர் 60 மாதிரி, மேற்பரப்பு நீர் 11 மாதிரி எடுத்துப் பெர்குளோரேட் என்கிற உப்பை அளந்தார்கள். நிலத்தடி நீரில் அதிகபட்சம் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். மேற்பரப்பு நீரில் அதிகபட்சம் 30.2. அமெரிக்க முகமை குடிநீருக்குச் சொன்ன அளவு 15. சிவகாசிப் பகுதியில் 57 நிலத்தடி மாதிரிகளில் 17 அதைத் தாண்டின, மதுரையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்தான் முக்கிய மூலம் என்று அந்த ஆய்வு சொன்னது.

இந்த உப்புக்கு நிறமில்லை, நாற்றமில்லை. இந்த அளவுகளில் மீனை மிதக்கவிடாது. அம்மாச்சியின் கணக்கிலும் இது சிக்காது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தைராய்டு சுரப்பிக்குப் போகிற அயோடினை மறிப்பதுதான் இதன் வேலை. தைராய்டுக்கும் நீர்வாழ் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்றால், தலைப்பிரட்டை தவளையாவதே அந்தச் சுரப்பால்தான். 1912இல், ராயல் கமிஷன் அறிக்கை வந்த அதே வருசம், குடர்னாட்ஷ் என்கிற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டைத் தின்னக் கொடுத்து அவை அவசரமாக உருமாறுவதைக் கண்டார். பெர்குளோரேட் இதைத் தலைகீழாகச் செய்யும். கால் முளைப்பது தள்ளிப்போகும், வால் போகாது. குளம் வற்றுவதற்குள் கால் முளைக்காத தலைப்பிரட்டை சேற்றிலேயே காயும். அப்போதும் அந்தத் தண்ணி டி வகுப்பில் தேறும். மூன்று எண்ணும் சரியாக இருக்குமே!

பட்டாசு ரசாயனம் நீதிமன்றம் ஏறாமல் இல்லை. 2015இல் டில்லிக் கைக்குழந்தைகள் மூவர் பெயரில் போட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. அந்தக் குழந்தைகளின் மூச்சு முக்கியம்தான். தொடர்ந்து ஆபீசுகள் மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்ததில் எங்க தெருவில் அடுப்பெரியவில்லை, அது தனிக்கதை. வெடித்த பிறகு டில்லி வானத்துக்குப் போகிற புகை வழக்கானது. வெடிப்பதற்கு முன்னாலேயே எங்க ஓடைக்குள் இறங்குகிற மருந்து வழக்காகவில்லை. ஆபீஸ் வெடித்தால் ஆளை எண்ணுவார்கள், 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் எண்ணினார்கள். ஓடையை எண்ணுகிற வழக்கமில்லை.

இதே ஆத்தங்கரையில் வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியது. சங்கு வளையல் துண்டு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஆழம் குறித்து, படம் பிடித்துப் பெட்டியில் வைத்தார்கள். நான் நின்று பார்த்தேன், சந்தோசமாகத்தான் இருந்தது. ஆத்தை இவ்வளவு கவனமாகவும் பார்க்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அய்யா இப்போது இல்லை. போன ஐப்பசியில் மழை பெய்த மூன்றாம் நாள் அந்தக் கல்லூரி ஆசிரியரிடம் சின்னப் பெட்டி ஒன்றைக் கடன் வாங்கினேன். விங்க்லர் முறைக்கு வேண்டிய குப்பியும் இரண்டு மருந்தும் அதில் இருந்தன. சின்னய்யா பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் ரசாயனம் படிக்கிறாள், "நானும் வாரேன் பெரியப்பா" என்று டார்ச்சோடு கிளம்பினாள். கசத்துக்குப் போகையில் மணி நாலரை. யாரும் தடுக்கவில்லை, அந்த நேரத்துக்கு அங்கே யார் இருப்பார்கள்? குப்பியைத் தண்ணிக்குள்ளேயே முக்கி, குமிழ் இல்லாமல் நிரப்பி, முதல் மருந்தை விட்டாள், இரண்டாவதை விட்டாள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். டார்ச்சைக் குப்பியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம். வெள்ளையாகவே நின்றது. "பெரியப்பா, எதுக்கும் இன்னொரு குப்பி எடுப்பமா?" என்றாள். எடுத்தோம். அதுவும் வெள்ளை. பக்கத்தில் ஒரு குரவை மேலே வந்து வாயைத் திறந்துவிட்டு உள்ளே போனது. அவள் நோட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதி, கீழே அதையும் எழுதிக்கொண்டாள்.